சுவருக்கு நாடி பார்த்தவர்

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் ஒரு சுவர் அழுதுகொண்டிருந்தது.

கண்ட நேரத்தில் அழவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூட்டம் கூடி, ஒருவர் மணியை ஆட்டினால், சொன்ன பேச்சைத் தட்டாமல் அழுதது. பெற்ற பிள்ளை சொன்னால் கேட்பதில்லை. சொந்த வீட்டுத் தாழ்ப்பாள்கூடச் சொன்னபடி விழுவதில்லை. ஒரு சுவர் கேட்கிறது என்றால் ஜனங்கள் வீட்டில் உட்கார்ந்திருப்பார்களா? கிளம்பி வந்துவிட்டார்கள்.

லிஃப்டில் இத்தனை பேருக்கு மேல் ஏறக்கூடாது என்று எழுதியிருந்தது. அதைப் போல இரண்டு மடங்கு பேர் ஏறினார்கள். நாலைந்து வாரத்தில் லிஃப்ட் நடுவழியில் நின்று முனகத் தொடங்கியது. அந்த அழுகையைப் பார்க்க மட்டும் யாரும் வரவில்லை. படிக்கட்டு முழுக்கச் செருப்பு. காவலாளி வாசலில் டோக்கன் கொடுத்தார். "சுவருக்கா, வீட்டுக்கா?" என்று கேட்பார். வீட்டுக்கு என்று சொன்னால் அவர் முகத்தில் மரியாதை குறைந்துவிடும்.

வந்தவர்கள் எல்லாரும் எழுத்து வாசனை இல்லாதவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். முன்வரிசையில் ஒரு வக்கீல் உட்கார்ந்திருப்பார். நீதிமன்றத்தில் சாட்சி இல்லாமல் தன் பெயரைக்கூட ஒப்புக்கொள்ளாத மனிதர். இங்கே வந்ததும் சட்டைப் பித்தானைப் போலப் பகுத்தறிவையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கைகட்டி உட்கார்ந்துவிடுவார். அவருக்குப் பக்கத்தில் ஒரு பல் டாக்டர். அவருக்குப் பின்னால் வங்கி மேலாளர். இவர்களெல்லாம் சுவரைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருந்ததால், பல் டாக்டருக்கு மட்டும் தொழில்ரீதியாகக் கொஞ்சம் லாபம்.

அழுத சுவர் எப்படி இருந்தது? உள்ளது உள்ளபடி சொல்கிறேன். கூரை மூலையிலிருந்து தண்ணீர்க் கறை இறங்கியிருந்தது. பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, உடைந்து, தோல் உரிந்து தொங்கியது. அதன்மேல் கறுப்பும் பச்சையுமாகப் பூஞ்சை. நனைந்த துணியை மூட்டை கட்டி மூலையில் போட்டு மறந்துவிட்டால் ஒரு வாடை வருமே, அதே வாடை. அதைத்தான் வந்தவர்கள் கண்ணை மூடி, மூச்சை இழுத்து, "ஆகா, என்ன ஒரு சாந்தி!" என்றார்கள்.

அந்த அறை ஒரு பெரியவருடையது. அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் செய்தித்தாள் வந்தால் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து, எழுத்துப் பிழை, காற்புள்ளிப் பிழை எல்லாவற்றையும் வட்டம் போட்டு முடித்த பிறகுதான் செய்தியைப் படிப்பார். மனைவி போன வருஷம் இறந்துவிட்டாள். மகனோடும் மருமகளோடும் இருந்தார். நெஞ்சு கொஞ்சம் பலவீனம். பூக்கடைப் பக்கம் போனாலே இருமல் வரும்.

சுவர் நனையத் தொடங்கியதும் மருமகள்தான் முதலில் கவனித்தாள். நேராக மாடிப்படி ஏறிப் போய் மேல் வீட்டுக் கதவைத் தட்டினாள். மேல் வீட்டுக்காரர் யாரோ எவரோ அல்ல, குடியிருப்போர் சங்கத்தின் செயலாளரேதான். அப்போதுதான் குளியலறையை இடித்து, பளபளவென்று தரை ஓடு பதித்து, ஆள் நீட்டிப் படுக்கிற மாதிரி ஒரு குளியல் தொட்டி வைத்திருந்தார்.

"சார், எங்க மாமா ரூம்ல ஒழுகுது. உங்க பாத்ரூம்லேந்துதான் வருதுன்னு நினைக்கிறேன். கொஞ்சம் ஆள் வெச்சுப் பாருங்களேன்."

"எங்க பாத்ரூமா? சான்ஸே இல்ல. தொட்டி புத்தம் புதுசு. சுவர்ல ஈரம் வர்றதுக்கு ஆயிரம் காரணம் இருக்கும்மா. நீங்க சங்கத்துல எழுதிக் குடுங்க. முறையா பாக்கலாம்."

எழுதிக் கொடுத்தாள். அந்தச் சங்கத்தில் ஒரு விதி உண்டு. யார் வீட்டிலிருந்து ஒழுகுகிறதோ, அவர் தன் செலவில் தரையை உடைத்துச் சரிசெய்ய வேண்டும். விதியை எழுதியதே செயலாளர்தான். ஊரார் தரையை உடைக்கச் சொல்லி எத்தனையோ வீட்டு வாசலில் நின்று அதைக் கணீரென்று வாசித்திருக்கிறார். இப்போது அவருடைய தொட்டிக்கு முறை வந்ததும், விதியை மெதுவாக மடித்து வைத்துவிட்டுக் கூட்டம் போட்டார். கூட்டத்தில் ஒரு தீர்மானம் நிறைவேறியது: 'மூன்றாம் மாடிச் சுவரின் ஈரம் குறித்துச் சங்கம் ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்துக்கொள்கிறது.' அனுதாபம் சுவருக்கு. அந்த அறையில் படுக்கிற மனிதருக்கு அதுவும் கிடைக்கவில்லை.

கூட்டம் முடியும்போது செயலாளர் தொண்டையைக் கனைத்தார்.

"பிளம்பரக் கூப்பிட்டா அவன் அங்கயும் இங்கயும் உடைச்சுட்டுப் போயிடுவான். எனக்குத் தெரிஞ்சவங்களுக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் இருக்கார். சுவருக்கு நாடி பாக்குறவர். ஒரு தடவ கூப்பிட்டுப் பாத்தா என்ன குறைஞ்சுடப்போகுது?"

இப்படித்தான் சுவர்ஞானி வந்து சேர்ந்தார்.

வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை. காவியும் இல்லை, தாடியும் இல்லை. காலத்துக்கு ஏற்ற ஞானி. கழுத்தில் ஒரு ஸ்டெதாஸ்கோப், கையில் ஒரு பித்தளை மணி. ஸ்டெதாஸ்கோப்பைச் சுவரில் இங்கும் அங்கும் வைத்துக் கேட்டார். "மூச்சு விடு" என்று சுவரிடம் சொன்னார். சுவர் விட்டதா இல்லையா என்று எனக்குத் தெரியாது. சுற்றி நின்றவர்கள் விட்டார்கள். பிறகு பெரியவர் பக்கம் திரும்பினார்.

"இந்த வீட்டுல ஒரு அம்மா போயிருக்காங்க."

பெரியவர் தலையாட்டினார்.

"கடைசி நேரத்துல நீங்க பக்கத்துல இல்ல."

பெரியவர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் மனைவி கண்ணை மூடியபோது அவர் கீழே தேநீர் வாங்கப் போயிருந்தார். அதை அவர் இந்த ஒரு வருஷமாகக் குடியிருப்பில் எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி அழுதிருக்கிறார். தெரியாதது காவலாளியின் பூனைக்கு மட்டும்தான். ஆனாலும் சுவர்ஞானி சொன்னதும் அறையில் இருந்தவர்கள் மூக்கின்மேல் விரலை வைத்தார்கள்.

"பாருங்க, அது கறை இல்ல, முகம். அவங்கதான். உங்களத் தேடி வந்து அழுதுட்டு இருக்காங்க. இந்தக் கண்ணீர் தானா நிக்கணும். நாமளா துடைக்கக் கூடாது."

மணியை ஆட்டினார். கொஞ்ச நேரத்தில் கூரை மூலையிலிருந்து ஈரம் மினுங்கி, ஒரு சொட்டு திரண்டு, சுவரில் கோடாக இறங்கியது. பெரியவர் எழுந்து போய் அந்தக் கோட்டில் கன்னத்தை வைத்துக்கொண்டு, "ஏன்டி அழற, நான் வந்துட்டேன்டி" என்றார். இதில் சிரிக்க எதுவும் இல்லை. அந்த இடத்தில் எனக்கும் சிரிப்பு வரவில்லை. அந்த ஆளைப் பிடித்து நாலு அறை கொடுக்கலாம் என்றுதான் வந்தது.

அதன் பிறகு கட்டளைகள் வந்தன. ஜன்னலைத் திறக்கக் கூடாது, ஆன்மாவுக்குக் காற்று ஆகாது. மின்விசிறி போடக் கூடாது, கண்ணீர் காய்ந்துவிடும். பூஞ்சையைத் துடைக்கக் கூடாது, அது முகத்தின் நிழல். பிளம்பர் அந்தப் பக்கமே வரக் கூடாது, சுத்தியல் சத்தம் கேட்டால் அம்மா கோபித்துக்கொண்டு போய்விடுவாள். பூஞ்சையைக் கேட்டிருந்தால்கூட, தன் வளர்ச்சிக்கு இவ்வளவு சரியாக வழி சொல்லியிருக்காது.

அதோடு விட்டாரா? உதிர்ந்த பூஞ்சையைச் சுரண்டிக் காகிதத்தில் பொட்டலம் கட்டி, 'நிழல் பொடி' என்று பெயர் வைத்துக் காணிக்கைக்குக் கொடுத்தார். அவரவர் வீட்டுச் சுவரில் ஈரம் பூசி இந்தப் பொடியைத் தடவினால் அவரவர் இழந்தவர்களும் வருவார்களாம். தடவினார்கள். நன்றாகவே வந்தது. முதல் மாடியில் வந்தது, இரண்டாம் மாடியில் வந்தது. வந்தது பூஞ்சை. குடியிருப்பு முழுக்கக் காலையில் கோழி கூவுகிற நேரத்துக்கு ஆளாளுக்கு இருமினார்கள். "உங்களுக்கு இருமல் வந்துடுச்சா? அப்ப அருள் இறங்கிடுச்சு" என்று ஒருவரை ஒருவர் வாழ்த்திக்கொண்டார்கள்.

பெரியவருக்கு வந்தது வெறும் இருமல் இல்லை. மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்குள் விசில் கேட்டது. படுக்க முடியாமல் உட்கார்ந்தே தூங்கினார். மருமகள் அவரை இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனாள்.

"ஐயா, நீங்க அந்த ரூம்ல படுக்குற வரைக்கும் நான் எழுதிக் குடுக்குற மருந்தெல்லாம் தண்டம்" என்றார் டாக்டர். "பூஞ்சைய எடுங்க, இல்ல ரூம மாத்துங்க. அடுத்த தடவ இப்படி வந்தா வீட்டுக்கு அனுப்ப மாட்டேன், பெட்லதான் போடுவேன். இந்த வயசுல அது சின்ன விஷயம் இல்ல."

வீட்டுக்கு வந்ததும் மருமகள் படுக்கையைச் சுருட்டினாள். "மாமா, ஹால்ல படுத்துக்கங்க."

"அவள அழவிட்டுட்டு நான் எங்கம்மா போவேன்? ஒரு தடவ டீ வாங்கப் போனது போதாதா?"

பாருங்கள், ஒரு ஸ்டெதாஸ்கோப் அவர் நெஞ்சில் வைத்து உண்மையைச் சொன்னது. இன்னொரு ஸ்டெதாஸ்கோப் சுவரில் வைத்துப் பொய்யைச் சொன்னது. வாழ்நாள் முழுக்கப் பிழை திருத்திய மனிதர் சுவரில் வைத்ததைத்தான் நம்பினார். அறிவில்லாமல் அல்ல. மனைவி மேல் இருந்த பாசத்தால். இந்த மாதிரி ஆசாமிகள் கை வைப்பது எப்போதும் அந்த இடத்தில்தான்.

மகனிடம் முறையிட்டாள். மகன் நல்லவன். ஆனால் எதற்கும் நடுவில் நிற்கிறவன்.

"இருக்கும்னும் சொல்ல முடியாது. இல்லன்னும் சொல்ல முடியாது" என்றான்.

"உங்கப்பாவுக்கு மூச்சு இருக்குன்னு சொல்ல முடியுதா? அது இல்லன்னு ஆகறதுக்குள்ள எதையாவது முடிவு பண்ணுங்க."

அவன் முடிவு பண்ணவில்லை. அவள் பண்ணினாள்.

மருமகளுக்கு வேலை ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில். வருகிறவர்களுக்குப் பார்வை சோதிக்க வேண்டும். "இப்ப தெளிவா தெரியுதா, முன்னாடி தெளிவா தெரிஞ்சுதா?" என்று நாள் முழுக்கக் கேட்பவள். இல்லாத எழுத்தை இருக்கிறது என்று படித்துவிட்டுப் போகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்த கூட்டத்தில் வக்கீல், பல் டாக்டர், முதல் மாடியில் பொடி தடவிய அம்மாள் ஆகிய மூவரையும் ஒவ்வொருவராக உள்ளே அழைத்துப் போனாள்.

"எங்க அத்தை முகம் தெரியுதுன்னு சொல்றீங்களே, மூக்கு எங்க இருக்கு? தொட்டுக் காட்டுங்க."

வக்கீல் கூரைக்குப் பக்கத்தில் காட்டினார். முதல் மாடி அம்மாள் மின்சார சுவிட்சுக்குப் பக்கத்தில் காட்டினாள். பல் டாக்டருக்கு மூக்கு தெரியவில்லை, இரண்டு கடைவாய்ப் பல் மட்டும் தெரிந்தது.

"ஆளுக்கு ஒரு இடத்துல காட்டுறீங்களே?"

"அதுதாம்மா அற்புதமே!" என்றார் வக்கீல். "எல்லாருக்கும் ஒரே மாதிரி தெரிஞ்சா அது வெறும் படம். ஆளுக்கு ஆள் மாறுதுன்னா அது சக்தி."

இந்த வாதத்தை அவர் நீதிமன்றத்தில் வைத்திருந்தால் நீதிபதி நாற்காலியை விட்டு எழுந்து ஓடியிருப்பார்.

ஆனால் மருமகள் வேறு ஒன்றையும் கவனித்துவிட்டாள். நடுவில் ஒரு வாரம் செயலாளர் குடும்பத்தோடு வெளியூர் போயிருந்தார். அந்த வாரம் சுவர் காய்ந்து கிடந்தது. சுவர்ஞானி வந்து பார்த்துவிட்டு, "அம்மா மௌன விரதம் இருக்காங்க" என்று அறிவித்தார். செயலாளர் திரும்பி வந்தார். சுவர் விரதத்தை முடித்துக்கொண்டது. இன்னொன்று, ஞானி மணி அடித்தவுடன் சுவருக்குள் குழாயில் சளசளவென்று ஒரு சத்தம். மேல் வீட்டுக் குளியலறைக் காற்றுத் துளையும் இவர்கள் அறைப் பக்கத்துக் காற்றுத் துளையும் ஒரே சந்தில்தான் திறந்திருந்தன. மேலே தும்மினால் கீழே கேட்கும்.

துணிக்குப் போடுகிற சொட்டு நீலம் ஒரு புட்டி வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மேல் வீட்டுக்குப் போய், "எங்க பாத்ரூம்ல ஒரே கூட்டம், கொஞ்சம் உங்களுது யூஸ் பண்ணிக்கட்டுமா?" என்று செயலாளரின் மனைவியிடம் கேட்டாள்.

"போங்க, போங்க. தொட்டில மட்டும் கீறல் விழாம பாத்துக்கங்க. அவரு தாங்க மாட்டாரு."

உள்ளே போய்க் கதவைச் சாத்தி, தொட்டியின் வடிகால் துளையில் புட்டியை அப்படியே கவிழ்த்துவிட்டு வந்தாள். இன்றைக்குச் சுவர் நீலமாக அழும். எல்லாரும் மேலே பார்ப்பார்கள். விஷயம் முடிந்தது. பாவம், அவள் அட்டையில் எழுத்துப் படிக்கிறவர்களையே பார்த்துப் பழகியவள். பக்தர்களைப் பற்றி அவளுக்குத் தெரியவில்லை.

மணி அடித்தது. சுவர் நீலமாகத்தான் அழுதது.

சுவர்ஞானியின் முகத்தில் ஒரு கலக்கம் ஓடியது. மருமகள் வாயைத் திறந்தாள். அதற்குள் முதல் மாடி அம்மாள் முந்திக்கொண்டாள்.

"நீலக் கண்ணீர்! நீலக் கண்ணீர்!"

ஞானிக்கு உயிர் வந்துவிட்டது. "ஆமா! ஆயிரத்துல ஒரு சுவர்தான் நீலமா அழும்! இன்னையிலேந்து இது சாதாரணச் சுவர் இல்ல!"

"அது சொட்டு நீலம்! நான்தான் மேல் வீட்டுத் தொட்டில ஊத்தினேன்!" என்று மருமகள் கத்தினாள்.

"ஊத்தினது நீங்களா இருக்கலாம். ஊத்த வெச்சது யாரு?" என்று வக்கீல் கேட்டார்.

அடுத்த வாரம் கூட்டம் இரண்டு மடங்கு. நீலத்தில் நனைத்த கைக்குட்டைகள் தனிக் காணிக்கை. பக்கத்துத் தெருக் கடையில் சொட்டு நீலம் தீர்ந்துபோனது. யார் வாங்கிப் போனார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஞானி இப்போது அடுத்த ஞாயிறு 'பெரும் அழுகை' என்று அறிவித்துவிட்டார். அன்று அம்மாவின் துயரம் முழுவதும் வடியுமாம். அதற்குப் பெரியவர் காலையிலிருந்தே அந்த அறையில், மூடிய ஜன்னலுக்குள், சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருக்க வேண்டுமாம். பெரியவர் சரி என்று சொல்லிவிட்டார். அவரால் அப்போது இரண்டு வார்த்தையைச் சேர்த்துப் பேச முடியவில்லை. சரி என்பது ஒரு வார்த்தைதான்.

அன்று மருமகள் சமையலறையில் நின்று அழுதாள். அழுது முடித்ததும் முகத்தைக் கழுவினாள். கழுவக் குழாயைத் திறந்தபோதுதான் அவளுக்கு யோசனை வந்தது. இவர்களுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று காட்டினால் புரியாது. வராமல் செய்து காட்டினால்?

மகனைக் கூப்பிட்டாள். "மொட்டை மாடில தண்ணித் தொட்டிகிட்ட வீட்டு வீட்டுக்குத் தனி வால்வு இருக்குல்ல? மேல் வீட்டு வால்வு எதுன்னு தெரியுமா?"

"பேரு எழுதி ஒட்டியிருக்கும்."

"ஞாயித்துக்கெழமை நான் போன் பண்ணதும் மூடுங்க. திரும்பப் பண்ணதும் திறங்க. சாமி இருக்கா இல்லையான்னு எல்லாம் நீங்க முடிவு பண்ண வேணாம். வால்வ மட்டும் திருகுங்க."

நடுவில் நிற்கிறவனுக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னால் வேலை செய்துவிடுவான். ஒப்புக்கொண்டான்.

பெரும் அழுகை நாள். அறையில் மூச்சு விட இடமில்லை. பெரியவர் சுவரில் சாய்ந்து, வாயால் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஞானி மணியைக் கையில் எடுத்தார். மருமகள் முன்னால் வந்து கைகூப்பினாள்.

"ஐயா, ஒரே ஒரு சந்தேகம். இந்தக் கண்ணீருக்கும் குழாய்த் தண்ணிக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டுங்களா?"

"சம்பந்தமா!" ஞானி கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். "ஊர்ல இருக்குற குழாயெல்லாம் மூடட்டும். ஆறு குளமெல்லாம் வத்தட்டும். நான் மணி அடிச்சா இந்த அம்மா அழுவாங்க. இது சத்தியம்."

கூட்டம் கைதட்டியது. மருமகளும் தட்டினாள். தட்டிவிட்டு முந்தானைக்குள் இருந்த போனை அமுக்கினாள்.

மணி அடித்தது. சுவர் சும்மா இருந்தது.

மறுபடி அடித்தார். சுவர் சும்மாவே இருந்தது. ஞானி ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். நெற்றியில் வியர்வை துளிர்த்தது. அந்த அறையில் அப்போது ஈரமாக இருந்தது அவர் மட்டும்தான்.

"இங்க நம்பிக்கை இல்லாத ஒருத்தர் இருக்காங்க. அவங்க வெளிய போகணும்."

"போறேங்க" என்று மருமகள் வாசலுக்கு வெளியே போய் நின்றுகொண்டாள். மணி அடித்தது. ஒன்றும் நடக்கவில்லை.

"கண்ணாடி போட்டவங்க வெளிய போங்க. கண்ணாடி சக்தியத் திருப்பி அடிக்குது."

பாதிக் கூட்டம் வெளியே போனது. வக்கீல் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு அங்கேயே இருந்தார். மணி கணகணவென்று அடித்தது. சுவர் இம்மியும் அசையவில்லை. ஞானி கையை மாற்றி மாற்றி ஆட்டினார். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகளெல்லாம் வீட்டுக்குப் போன பிறகும் மணியடித்துக்கொண்டிருப்பவரைப் போல இருந்தார்.

அப்போது காற்றுத் துளை வழியாக, மேலிருந்து, ஒரு குரல் வந்தது.

"டேய் மச்சான்! சும்மா சும்மா மணிய ஆட்டாதடா! குழாய்ல சொட்டுத் தண்ணி வரல! எதையாவது சொல்லிக் கூட்டத்த அனுப்புடா!"



முதல் மாடி அம்மாள் இரண்டு கையையும் தூக்கினாள். "சுவர் பேசுது! சுவர் பேசுது!"

"பேசுறது சரி" என்றார் பல் டாக்டர் மெதுவாக. "அது ஏன் நம்ம செயலாளர் குரல்ல பேசுது?"

"அம்மாதான் அவர் குரல்ல…" என்று வக்கீல் ஆரம்பித்தார். பிறகு பையிலிருந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "மச்சானா?" என்றார்.

மருமகள் இரண்டாவது தடவை போனை அமுக்கினாள். மொட்டை மாடியில் மகன் வால்வைத் திறந்தான். மேலே குபுகுபுவென்று சத்தம்.

"வந்துடுச்சுடா மச்சான்! தண்ணி வந்துடுச்சு! இப்ப அடி மணிய!"

யாரும் மணி அடிக்கவில்லை. மணி ஞானியின் கையிலிருந்து கட்டிலுக்கு அடியில் உருண்டு போயிருந்தது. ஆனாலும் சுவர் அழுதது. போன வாரத்து மிச்ச நீலமும் கலந்து, மூலையிலிருந்து வெளிர் நீலமாக, நன்றாக, எல்லாரும் பார்க்க இறங்கியது. கூட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தது. இத்தனை மாதத்தில் அவர்கள் சரியான திசையில் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு நடந்ததை விஸ்தரிக்க வேண்டாம். செயலாளரின் மனைவிக்கு ஒரு தம்பி இருந்தான். வெளியூரில் மருந்துக் கம்பெனியில் வேலை பார்த்து, வேலை போய், ஸ்டெதாஸ்கோப் மட்டும் மிஞ்சியவன். தரையை உடைத்தால் தொட்டி போய்விடும் என்று அத்தானுக்குப் பயம். பிழைக்க வழி இல்லையே என்று மச்சானுக்குப் பயம். இரண்டு பயமும் சேர்ந்து ஊருக்கு ஒரு ஞானியைக் கொடுத்தது. கூட்டம் மேல் மாடிக்கு ஏறுவதற்குள் ஞானி கம்பி நீட்டிவிட்டார். வாசலில் அத்தனை செருப்பு கிடந்ததில் அவசரத்துக்கு ஒரு ஆண் செருப்பையும் ஒரு பெண் செருப்பையும் மாட்டிக்கொண்டு நொண்டியபடி போனதாகக் காவலாளி சொன்னார்.

கூட்டம் போன பிறகு மருமகள் உள்ளே வந்தாள். பெரியவர் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்த நிமிஷத்துக்குத்தான் அவள் பயந்துகொண்டிருந்தாள். பொய்யைப் பிடுங்கிவிட்டோம். கூடவே அவர் மனைவியையும் இன்னொரு தடவை பிடுங்கிவிட்டோமா?

"அப்ப அவ அழலையாம்மா?" என்றார் பெரியவர்.

"இல்ல மாமா. அத்தை அழவே இல்ல. மேல் வீட்டுத் தொட்டி ஒழுகுச்சு. அவ்வளவுதான்."

அவர் சுவரைத் தொட்டுப் பார்த்தார். பிறகு இருமலும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

"அவ அழுற ஆளே இல்லம்மா. கல்யாணமான நாள்லேந்து அவ அழுது நான் பாத்ததே இல்ல. திட்டுவா. தட்ட எடுத்து நங்குன்னு வெப்பா. ஆனா அழ மாட்டா. எத்தன மாசமா என் பொண்டாட்டி அழறாளேன்னு நான் செத்துட்டு இருந்தேன். இவ்வளவு பெரிய பிழை எனக்கு எப்படிம்மா கண்ணுல படாம போச்சு?"

சொல்லிவிட்டு அவர்தான் அழுதார். பாரம் இறங்குகிற அழுகை. அழுது முடித்து, "ஜன்னலத் தொறம்மா" என்றார்.

மருமகள் திறந்தாள். மாதக்கணக்கில் மூடியிருந்ததால் தாழ்ப்பாள் துருப்பிடித்து இறுகியிருந்தது. செருப்பால் தட்டித்தான் திறக்க முடிந்தது.

செயலாளர் விதிப்படி தரையை உடைத்தார். தொட்டியைத் தூக்கியபோது அடியில் வடிகால் குழாயின் இணைப்பு சரியாகப் பொருத்தாமல் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. பிளம்பர் மத்தியானத்துக்குள் வேலையை முடித்துவிட்டார். கீழே சுவரைச் சுரண்டி, மருந்து அடித்து, காய வைத்து, பெயிண்ட் அடித்தார்கள். பெரியவர் அது காயும் வரை ஹாலில் படுத்தார். நீட்டிப் படுத்தார். நெஞ்சில் விசில் கொஞ்சம் கொஞ்சமாக ஓய்ந்தது. செய்தித்தாளில் பழையபடி வட்டங்கள் பெருகின.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. நம் ஜனங்களைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே.

ஒரு நாள் காலையில் முதல் மாடி அம்மாள் வந்து நின்றாள். மருமகளைப் பார்த்ததும் இரண்டு கையும் கூப்பினாள். முகத்தில் பழைய பக்தி அப்படியே இருந்தது, ஆள்தான் மாறியிருந்தது.

"உன் கை ராசியான கைம்மா. அவ்வளவு பெரிய ஆளையே ஒரு பார்வைல ஓட வெச்சுட்ட. எங்க வீட்டுச் சுவர்லயும் ஈரம் வருது. நீ ஒரு தடவ வந்து தொட்டா போதும், நின்னுடும்."

மருமகள் பெரியவர் பக்கம் திரும்பினாள். ஹாலில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்த பெரியவர் சிவப்புப் பேனாவை மூடிவிட்டுத் தலையை நிமிர்த்தினார்.

"ஏம்மா, சுவர் நனைஞ்சா மேலதான் பாக்கணும், அது சரி. ஆனா ஆகாயம் வரைக்கும் போகாத. மேல் வீட்டோட நிறுத்திக்க. படி ஏறிப் போய்க் கதவத் தட்டு."